தனியாகக் கழுவிய கோப்பை

சைப்ரஸில் நான் வேலை செய்யும் வீட்டில் பாத்திரம் கழுவ ஒரு இயந்திரம் இருக்கிறது. டிஷ்வாஷர். கதவைச் சாத்திப் பொத்தானை அமுக்கினால் ஒரு மணி நேரம் தனக்குள்ளேயே உருட்டிக்கொண்டு கிடக்கும். ஊரிலிருந்து வாசிப்பவர்கள் சிரிக்க வேண்டாம். வந்த புதிதில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் ஆட்களை வேலை வாங்கும் கண்டாக்கு ஐயாவைப்போலக் கைகட்டி அதை மேற்பார்வை பார்த்தேன். பாத்திரம் கழுவியே கை வெளுத்துப்போன எனக்குச் சும்மா நிற்கத் தெரியவில்லை.

எண்பது வயதான மேடத்தின் தட்டு, கரண்டி, கோப்பை எல்லாம் அதற்குள் போகும். என் கோப்பையை மட்டும் நான் கையால் கழுவி, ஜன்னலோரம் கவிழ்த்து வைப்பேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இலங்கையில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில், நானும் அம்மாவும் பாத்திரம் கழுவினோம். விருந்து நாளில் கூடை கூடையாகக் கோப்பைகள் வரும். எங்கள் தகரக் கோப்பை இரண்டும் குசினிக்கு வெளியே ஆணியில் தொங்கும். எல்லாம் முடிந்தபின் விறைக்கும் குழாய்த் தண்ணீரில் அவற்றைக் கழுவுவோம். அங்கேயும் யாரும் வாய்விட்டுச் சொன்னதாக ஞாபகமில்லை. அம்மா மாட்டினாள், பக்கத்தில் நானும் மாட்டினேன்.

ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருந்த மேடம், ஒருநாள் காலைக் காப்பியின்போது பொரிந்து தள்ளிவிட்டார். எங்கள் இருவருக்கும் பொதுவானது அரைகுறை ஆங்கிலம்.

"நான் அசுத்தமா? என் கோப்பையோடு உன் கோப்பை சேரக் கூடாதா? அப்படியானால் வேறு வீடு பார்த்துக்கொள்."

வேலை போனால் விசாவும் போய்விடும். என்னென்னவோ விளக்க நினைத்தேன், வாயில் வந்தது ஒன்றுதான்.

"மேடம் சுத்தம். நான்தான் இல்லை."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அழுகை வரவில்லை, கோபம் வந்தது, யார்மீது என்று தெரியாத கோபம். மேடம் எழுந்தார். என் கோப்பையை எடுத்துத் தன் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துப் பொத்தானை அமுக்கினார். இரண்டே இரண்டு கோப்பைக்காக அந்த இயந்திரம் முழு நேரமும் ஓடியது.

அன்றே அம்மாவை வீடியோவில் அழைத்தேன்.

"என் கோப்பையும் அவங்க கோப்பையும் இப்ப ஒண்ணாத்தான் மிசின்ல போகுதும்மா."

சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த அவள் முகம் சுருங்கியது.

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

"அவங்கதாம்மா வச்சாங்க."

அம்மா குரலைத் தாழ்த்தி, என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாள்:

"எதுக்கும் நீ ஒரு கோப்பையத் தனியாவே வச்சுக்கம்மா. நாளைக்கு பங்களா வேலைக்கே திரும்பி வந்தா, பழக்கம் விட்டுப் போயிருமே."