மட்டையைப் போட்டுவிட்டு ஓடியவர்

அந்த மட்டையைக் கட்டில் கால் கடையும் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினோம். கனம் ஜாஸ்தி, தரையில் விழுந்தால் ‘தொம்’மென்று கேட்கும். எழுபதுகளின் கடைசியில் எங்கள் கல்லூரியில் பேஸ்பால் அணி தொடங்கியபோது, அந்தச் சத்தத்தை வரவழைப்பதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. எல்லோரும் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்றால் கை கேட்காது. “தூக்கிக்கினு எங்கடா போறீங்க, ஏர் ஓட்டவா?” என்று கேப்டன் கத்துவார். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் வீட்டுப் பிள்ளை; எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தார்.

கடைசியில் முதல் போட்டியில் அதே தவறை அவரே செய்தார். வேலூரில் ஆட்டம். ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தோம். எங்கள் கடைசி வாய்ப்பு அவர்தான். அடித்து ஓடியவர், பந்து வருவதற்குள் மட்டையை நீட்டி, ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸைத் தொட்டார். கிரிக்கெட்டில் அது போதும். இதில் உடம்பு தொட வேண்டும். அவுட். எதிரணியினர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வருஷம் அந்த ஒரு ஆட்டம்தான். ஊர் திரும்பியதும் கல்லூரி முதல்வர், “அடுத்த வருஷம் ஒரு மேட்சாவது ஜெயிங்க. இல்லன்னா டீமைக் கலைச்சுடுவேன்” என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் விடிந்தபோதே கேப்டன் மைதானத்தில் இருந்தார். மலையைப் பார்த்து நின்று, பந்தே இல்லாமல் மட்டையை வீசுவார், போடுவார், ஓடுவார். தினமும் நூறு தடவை. பௌர்ணமிக்குக் கிரிவலம் போய்க் கால் வீங்கியிருந்த காலையிலும் விடவில்லை. “இன்னைக்குக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாங்க” என்றேன். “நான் கிரிக்கெட்ட மறந்துட்டேன்டா. கைதான் இன்னும் மறக்கல” என்றார்.

அடுத்த ஆண்டு கடைசிக் கட்டத்தில் ஆட்டம் சமநிலை. நான் மூன்றாவது பேஸில் நிற்கிறேன். அவர் அடித்தார். ‘தொம்.’ வெறுங்கையோடு பாய்ந்து விழுந்து பேஸைத் தொட்டார். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அதற்குள் நான் அடிக்கும் இடத்துக்கே ஓடிவந்து சேர்ந்துவிட்டேன்; ஒரு ஓட்டம். ஜெயித்தோம். அணி பிழைத்தது.

போன மாதம் வேங்கிக்காலில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பேரன், ஒரு பந்து ஆடச் சொல்லி அவரை இழுத்துப் போனான். அடித்தார். பிளாஸ்டிக் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, முட்டி வலியோடு ஓடினார். ஓரடி இருக்கும்போதே பந்து ஸ்டம்பில் பட்டுவிட்டது.

“ஐயோ தாத்தா! பேட்ட நீட்டியிருந்தா அவுட்டே இல்ல!” என்று கத்தினான் பேரன்.

அவுட்டானதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்கியபடி வெறுங்கையை என் பக்கம் விரித்துக் காட்டினார்.

“பாத்தியாடா, கை மறக்கல.”