கடைசிப் பக்கத்தில் கரடி

மாதுங்காவில் எங்கள் சங்கத்துக்கு ஒரு நூல்நிலையம் இருந்தது. அதாவது ஓர் அலமாரி இருந்தது. கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகில் சங்கத்தின் மண்டபம். கல்யாணம், கச்சேரி, ஆண்டுக் கூட்டம் எல்லாம் அங்கேதான் நடக்கும். மண்டபத்தின் ஒரு மூலையில், விருந்துப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில், அந்த அலமாரி நின்றது. அதன் மேல்தட்டுகளில் தத்துவ விசாரங்களும் மகான்களின் சரித்திரங்களும் வாங்கிய நாளின் மெருகு குலையாமல் இருந்தன. கீழ்த்தட்டில் துப்பறியும் நாவல்களும் மிருகக் கதைகளும் முதுகு கிழிந்து, மூலை மடங்கி, காப்பிக் கறையும் எண்ணெய்க் கறையுமாகக் கிடந்தன. அங்கத்தினர்கள் எதை மதித்தார்கள், எதைப் படித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். நான் கோட்டைப் பகுதியில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் உதவியாசிரியனாக இருந்தேன். பெயர்தான் பெரிது. மற்றவர்கள் எழுதியதை வெட்டிச் சிறிதாக்குவது என் வேலை. ஊரில் நடக்கும் கொலைகளெல்லாம் என் மேஜைக்கு வந்து இரண்டு வரியாகச் சுருங்கின. இன்ன தெருவில் ஒருவர் குத்தப்பட்டு இறந்தார், போலீஸார் விசாரிக்கிறார்கள். விசாரித்து என்ன கண்டார்கள் என்று மறுநாள் யாரும் எழுதுவதில்லை. மறுநாளைக்கு வேறொருவர் குத்தப்பட்டிருப்பார். இப்படி முடிவில்லாத கொலைகளோடு மாரடிப்பவனுக்குத் துப்பறியும் நாவல் ஒரு நியாயஸ்தலம். ஆசிரியர் என்ன கரணம் போட்டாலும் கடைசி அத்தியாயத்தில் யார் கொன்றான் என்று சொல்லித்தான் ஆகவேண்டும். மிருகக் கதைகள் பிடித்ததற்குக் காரணம் வேறு. புலி பசித்தால் கொல்கிறது. கொன்றபிறகு அறிக்கை விடுவதில்லை. அந்த நாட்களில் அறிக்கைகளைத் திருத்திக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது.

எங்கள் கட்டடத்தில் என் அறைக்கு அடுத்த வீடு சங்கத்தின் காரியதரிசியுடையது. இரண்டுக்கும் ஒரே பால்கனி, நடுவில் ஒரு மரத்தடுப்பு. காரியதரிசி ஒரு கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. எந்தப் புத்தகமானாலும் முன்னுரையைப் படித்து, விலையைப் பார்த்து, அபிப்பிராயம் சொல்லிவிடுவார். மீதியைப் படித்தால் அபிப்பிராயம் மாறிவிடக்கூடும் என்பதால் படிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

படிப்பவர் அவருடைய மனைவி. சங்கத்தின் விதிப்படி புத்தகம் அங்கத்தினர் பேரில்தான் வெளியே போகும். பெண்கள் அங்கத்தினராவதைப் பற்றி விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை. ஆகவே மாமி படித்ததெல்லாம் மாமாவின் பேரில் வந்தது. சங்கத்தைக் கேட்டால், மாதுங்காவிலேயே அதிகமான கொலைகளைப் படித்தவர் காரியதரிசிதான்.

மாமி அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது அஞ்சறைப் பெட்டியில் நாவலைச் சாய்த்துவைத்துப் படிப்பாள். துணி உலர்த்த வரும்போது தடுப்புக்கு மேலாகத் தன் சந்தேகங்களை எனக்குச் சொல்வாள்.

"அந்த டாக்டர்மேல எனக்கு நம்பிக்கை இல்லை, அம்பி. ரொம்ப நல்லவனா இருக்கான்."

"மாமி, நான் படிச்சாச்சு. சொல்லிடட்டுமா?"

"வாயைத் திறந்தயோ, இந்த ஈரத்துணியாலேயே அடிப்பேன்."

முடிவைச் சொல்லக்கூடாது என்பது எங்களுக்குள் இருந்த ஒரே விதி. சங்கத்தின் எந்த விதியைவிடவும் அது ஒழுங்காகக் காப்பாற்றப்பட்டது.

இந்த நிலையில் ஆண்டு விழாவுக்குத் தலைமை வகிக்க ஒரு பெரிய மனிதர் வருவதாக ஏற்பாடாயிற்று. அவர் அலமாரிப் பக்கம் திரும்பினால் மானம் போய்விடும் என்று கீழ்த்தட்டுப் புத்தகங்களைப் புதுக்கட்டு போட அனுப்பினார்கள். பெரிய மனிதர் வந்தார், மாலை போட்டுக்கொண்டார், கேசரி சாப்பிட்டார், போனார். அலமாரிப் பக்கம் திரும்பவில்லை.

பைண்டிங்கிலிருந்து வந்த புத்தகங்களில் நான் படித்திராத ஒரு துப்பறியும் நாவலை மாமி எடுத்துக்கொண்டாள். அதிலும் ஒரு டாக்டர் இருந்தான், அவன்மேலும் அவளுக்குச் சந்தேகம். நான் ஒரு கரடிக்குட்டியின் கதையை எடுத்துக்கொண்டேன். தாயை இழந்த குட்டி, காடெல்லாம் அலைந்து, தாய் காட்டிய தேன்பாறையைத் தேடிப் போகிறது. பாறை அடியில் வந்து நிற்கிறது. தேனீக்கள் கலைகின்றன. பக்கத்தைப் புரட்டினேன். "கதவைச் சாத்துங்கள்! இந்த அறையை விட்டு யாரும் வெளியே போகக்கூடாது" என்றார் ஒரு துப்பறிபவர். கரடியைக் காணவில்லை. கோட்டுப் போட்ட ஏழெட்டுப் பேர் வெளிறிப்போய் நின்றார்கள். அவர்களில் யார் கொலையாளி என்று அடுத்த சில பக்கங்களில் தெரிந்துவிட்டது. யாரைக் கொன்றான் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

பைண்டர் மராத்திக்காரர். மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்தில் கடை. தமிழ் தெரியாது. புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பக்க நம்பர் பாருங்க சேட். வரிசையா இருக்கா இல்லையா?" என்றார் இந்தியில். வரிசையாகத்தான் இருந்தது. மாமியிடம் இருந்த நாவலும் இதுவும் ஒரே அச்சகம், ஒரே அளவு, ஒரே பழுப்புக் காகிதம். இரண்டின் கடைசிப் பகுதிகளும் ஒரே பக்க எண்ணில் தொடங்கின. பிரித்துப்போட்டதை எண் பார்த்துத் தைத்திருக்கிறார்.

"உங்க எழுத்து பூரா ஜிலேபி மாதிரி இருக்கு. இந்த ஜிலேபி மிருகம், அந்த ஜிலேபி மனுஷன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

புத்தகங்களைச் சேர்த்துக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, என்னுடையதை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். மாமி தன்னுடையதை முடித்ததும் இரண்டையும் எடுத்துப்போகலாம் என்று எண்ணம்.

அதற்குள் காரியதரிசிக்கு ஒரு யோசனை உதித்தது. யுத்தத்தால் காகிதத்துக்குப் பஞ்சம். தாராவியில் பழைய காகிதம் வாங்கும் கிடங்குக்காரர்கள் எடைக்கு நல்ல விலை கொடுத்தார்கள். கீழ்த்தட்டு முழுவதையும் போட்டால் மண்டபத்துக்கு ஒரு மின்விசிறி வாங்கலாம். ஆனால் விசிறிக்காகப் புத்தகத்தை விற்றோம் என்று சொல்வது அழகாயிராது. ஆகவே அந்தப் புத்தகங்கள் ஒழுக்கத்தைக் கெடுப்பவை என்று அவர் கண்டுபிடித்தார். தீர்மானம் நிறைவேறும்வரை மேற்கொண்டு யாரும் கெட்டுப்போகாதிருக்க அலமாரியைப் பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார்.

அன்று மத்தியானம் மாமி தடுப்புக்கு அப்பால் வந்து நின்றாள். கையில் துணி இல்லை.

"அம்பி, ஜமீன்தாரை யாரு கொன்னான்னு சொல்ற இடத்துல கரடி வந்துடுத்து."

விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு வேண்டிய பக்கங்கள் பூட்டிய அலமாரிக்குள் கரடிக் கதையின் வாலில் இருந்தன. வேண்டுமானால் நான் வாயாலேயே சொல்லிவிடுகிறேன் என்றேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"சொல்லப்படாது! இத்தனை நாள் அந்த வீட்டுல எல்லாரோடயும் குடியிருந்திருக்கேன். நீ வந்து பேரை மட்டும் சொல்லிட்டுப் போறதாவது. நானே படிக்கணும்."

"மாமாகிட்ட சாவி கேக்கலாமே?"

"கேட்டேன். பெரியவா எல்லாம் கூடி முடிவு பண்ற விஷயத்துல பொம்மனாட்டி தலையிடப்படாதுன்னுட்டார். ஞாயித்துக்கிழமை தீர்மானமாம். திங்கட்கிழமை வண்டி வரதாம்." கீழே தெருவில் ஒருவன் வேர்க்கடலை விற்பதைப் பார்த்தாள். "அப்புறம் அந்தக் கொலைகாரன் கடலைப் பொட்டலமாப் போயிடுவான், அம்பி. யாருன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

இது வேடிக்கைப் பேச்சு அல்ல என்று அவள் முகம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். காலையில் காப்பி டிகாக்‌ஷனில் தொடங்கி இரவு பாத்திரம் கவிழ்ப்பதுவரை அவளுடைய நாளில் அவளுக்கென்று இருந்தது அந்தக் கீழ்த்தட்டு ஒன்றுதான். அந்த நாவலையும் அன்று காலை காரியதரிசி அஞ்சறைப் பெட்டியின் மேலிருந்து எடுத்துப்போய்விட்டார். கூட்டத்தில் காட்டுவதற்கு ஒரு கெட்ட புத்தகம் தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நல்ல கும்பல். கூட்டம் முடிந்ததும் போண்டா உண்டு என்று அறிவித்திருந்தார்கள். ஆண்கள் நாற்காலிகளில். பெண்கள் தூண்களுக்கு அப்பால் ஜமக்காளத்தில். நான் தூண் ஓரத்து நாற்காலியில், இரண்டு தேசங்களின் எல்லையில் இருந்தேன். எனக்கு இரண்டடி பின்னால் மாமி.

காரியதரிசி நாவலை உயர்த்திப் பிடித்தார்.

"இதை நான் முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை ஒரு வரி விடாமல் படித்தேன். ஏன்? விஷத்தை விஷம் என்று சொல்ல ஒருவன் ருசி பார்க்கத்தானே வேண்டும்? படித்துவிட்டு எனக்குத் தூக்கமில்லை. அதிலும் முடிவு இருக்கிறதே, அதைப்போல் மனசைக் கெடுக்கிற முடிவை நான் பார்த்ததில்லை."

முன்வரிசையில் தலைகள் வருத்தத்தோடு ஆடின.

என் தோளுக்குப் பின்னாலிருந்து தணிந்த குரல் வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் மனைவி கணவனிடம் நாலு பேர் நடுவில் நேராகப் பேசமாட்டாள். சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி அனுப்புவாள். கணவன் மூன்றடி தூரத்தில் இருந்தாலும் அப்படித்தான்.

"அம்பி, அவரைக் கேளு. கடைசிப் பக்கத்தைக் கொஞ்சம் வாசிக்கச் சொல்லு. எவ்வளவு கெட்டதுன்னு எல்லாருக்கும் தெரியணுமோல்லியோ?"

திரும்பிப் பார்த்தேன். கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்கும்போது இருக்கும் முகம்தான். வேறு ஒன்றும் தெரியவில்லை.

நான் எழுந்து, செய்தி தந்தவரைக் குறிப்பிடாமல், பத்திரிகை வழக்கப்படி, "முடிவைச் சபையில் வாசிக்க வேண்டும் என்று கோருகிறார்கள், ஸார்" என்றேன்.

"பேஷாக!" என்றார் காரியதரிசி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசிப் பக்கத்தை எடுத்து, மேடைக் குரலில் வாசித்தார்: "கரடிக்குட்டி தேன் வழியும் கையை நக்கிக்கொண்டே பாறைமேல் ஏறி உட்கார்ந்தது. ஒரு தேனீ அதன் மூக்கில் கொட்டிற்று. குட்டி அதைப் பொருட்படுத்தவில்லை. தன் தாயும் இதே இடத்தில்தான்..."

நிறுத்தினார். அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தார். மறுபடியும் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். கரடி அங்கேயேதான் இருந்தது.

சபையில் அப்போது நடந்ததை வேறு எந்த ஜாதி மனிதர்களும் செய்திருக்க மாட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பென்ஷன்காரர், கண்ணை மூடியபடி, "தேன் என்பது விஷய சுகம்" என்றார்.

"கரடி ஜீவாத்மா" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"கொட்டுகிற தேனீ பிராரப்தம். கதைக்காரன் விஷயம் தெரிந்தவன்தான்."

காரியதரிசி நீரில் விழுந்தவன் கட்டையைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்துக்கொண்டார். "அதைத்தான் சொல்ல வந்தேன். இவ்வளவு பெரிய தத்துவத்தைக் கொலைக் கதையில் கொண்டுவந்து வைக்கலாமா என்பதுதான் என் ஆட்சேபம்."

முதலில் சிரித்தது தூண்களுக்கு அப்பால். யார் என்று பார்க்க நான் திரும்பவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து யாரோ, "அப்போ ஜமீன்தாரைக் கொன்னது கரடியா, ஸார்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு தலைவர் மணியை அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

போண்டா ஆறிக்கொண்டிருந்ததால் சமரசம் சீக்கிரம் வந்தது. ஜீவாத்மா சம்பந்தப்பட்ட புத்தகங்களை எடைக்குப் போடுவது உசிதமல்ல என்று பென்ஷன்காரர் பிரேரேபித்தார். தாம் படித்தவர்தான் என்று காட்டிக்கொள்ள வேண்டிய அவசியத்தில் இருந்த காரியதரிசி, கீழ்த்தட்டுப் புத்தகங்கள் அனைத்தையும் தாமே ஒவ்வொன்றாகப் பரிசீலித்து அறிக்கை தருவதாகச் சொன்னார். பரிசீலனைக்கு வசதியாகப் புத்தகங்களை அவர் வீட்டுக்கே அனுப்புவதென்று முடிவாயிற்று. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. விசிறி வாங்கப்படவில்லை.

திங்கட்கிழமை வண்டி வந்தது. தாராவிக்குப் போகவேண்டிய மூட்டைகளை எங்கள் மாடிக்கு ஏற்றிவைத்துவிட்டுப் போயிற்று. அன்று காரியதரிசி வீட்டில் குழம்பு அடிப்பிடித்த வாசனை பால்கனிவரை வந்தது. சாயங்காலம் மாமி ஈரத்துணியோடு வந்து நின்றாள்.

"டாக்டர் இல்லை, அம்பி."

"இல்லை."

"இப்போ யோசிச்சா, முதல்லேயே தெரிஞ்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு வேட்டியை உதறிப் போட்டாள். அவ்வளவு திருப்தியான முகத்தை அந்தப் பால்கனியில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இரண்டு புத்தகங்களையும் பைண்டரிடம் கொண்டுபோகட்டுமா என்றேன். "அப்படியே இருக்கட்டும். கரடிக்கு அந்த வீட்டை விட்டுப் போக மனசிருக்காது" என்றாள்.

அறிக்கை வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் சில வாரங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரியதரிசி பால்கனியில் ஈஸிசேரில் அந்த நாவலோடு இருந்தார். முன்னுரையைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தார். கடைசிப் பக்கங்களில் சற்று நேரம் கரடியை முறைத்துப் பார்த்தார். மாமி பின்னால் அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவர் மனைவி பக்கம் திரும்பவில்லை. தடுப்புக்கு மேலாக என்னை அழைத்தார்.

"ஓய், பத்திரிகைக்காரரே. அவளைக் கேளும். ஜமீன்தாரை யாருதான் கொன்னா?"

நான் மாமியைப் பார்த்தேன். அவள் அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள்.

"சொல்லப்படாதுன்னு சொல்லு, அம்பி" என்றாள்.