கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்த கூட்டம்

கல்லூரியில் நான் ரோமானியக் குடியரசு பாடம் எடுக்கிறேன். எடுக்க எடுக்க எரிச்சல் வரும் பாடம். குடிமகன் ஒவ்வொருவனுக்கும் ஓட்டு உண்டு என்பார்கள். ஆனால் பணக்காரப் பிரிவுகளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். பெரும்பான்மை சேர்ந்ததும் கடையைக் கட்டிவிடுவார்கள். சொத்தில்லாத அத்தனை பேரையும் ஒரே பிரிவில் அடைத்துக் கடைசியில் வைத்திருந்தார்கள். அவர்கள் முறை வருவதே அபூர்வம்.

பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. எர்ணாவூர் தாண்டி இருக்கும் எங்கள் குப்பத்தில் ஊர்க்கூட்டமும் அப்படித்தான். வீட்டுக்கு ஒரு கை. படகு வைத்திருக்கும் வீடுகளை முதலில் கூப்பிடுவார்கள், கூலிக்குக் கடலுக்குப் போகும் வீடுகள் கடைசி. முன்வரிசையில் நாலு கை தெரிந்ததும் தலைவர் "போதும்பா" என்று துண்டை உதறி எழுந்துவிடுவார். கூலிக்குப் போய்க்கொண்டிருந்த என் அண்ணன் இறந்த பிறகு, அந்த வீட்டுக்காக அண்ணிதான் கூட்டத்துக்குப் போகிறார். ஒரு தடவைகூட அவர் முறை வந்ததில்லை.

போன வருடம் மீன் விற்கப் புதுக் கொட்டகை கட்டினார்கள். இடம் கொஞ்சம், விற்கிற பெண்கள் அதிகம். சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுப்பதா, படகுக்கார வீட்டுப் பெண்களுக்கே கொடுப்பதா என்று கூட்டம் முடிவெடுக்க வேண்டும். அண்ணி உட்கார்ந்து விற்ற சாலையோரத்தில் இனி யாரும் கடை போடக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். கொட்டகையில் இடம் கிடைக்காவிட்டால் கூடையைச் சுமந்து தெருத்தெருவாக அலைய வேண்டும். அவருக்கோ முழங்கால் போய்விட்டது.

நான் ரோம் கதையைச் சொன்னேன். "அப்போ கடைசீல கீறவங்கள மொதல்ல கூப்டச் சொல்லணும், அவ்ளோதானே?" என்றார் அண்ணி. குப்பத்தில் கூலி வீடுகள்தான் அதிகம். சீட்டுக்குக் கை தூக்கச் சொல்லி வீடு வீடாகப் போய்க் கேட்டார். எல்லாரும் சரி என்றார்கள். தலைவரிடமும் போய்ச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே, "இதுக்கா இவ்ளோ பேஜாரு? உன் வூட்லர்ந்தே ஆரம்பிச்சுக்கலாம்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கூட்டத்தில் அண்ணியை முதலில் கூப்பிட்டார்கள். "சீட்டுதான் போடணும்" என்று கை தூக்கினார். அடுத்த வீட்டுக்காரர் எதிரே நாற்காலியில் இருந்த தன் படகு முதலாளியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், கை தூக்கவில்லை. அதற்கடுத்தவரும் தூக்கவில்லை. வரிசை முடியும்வரை அண்ணி கை மட்டும்தான் மேலே நின்றது.

ரோமிலும் வெகுகாலம் எல்லார் காதிலும் விழும்படிதான் ஓட்டைச் சொல்ல வேண்டியிருந்தது. ரகசிய ஓட்டுக்குச் சட்டம் ரொம்பப் பிந்தித்தான் வந்தது. எங்கள் கூட்டத்துக்கு இன்னும் வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் அடுத்த வீட்டுப் பெண் அழுதுகொண்டே வந்தாள். "இன்னாக்கா பண்றது, அவரு போட்லதானே எங்க வூட்டுக்காரு போறாரு."

"தெரியும்டி. போய் சோத்த வடி" என்று அண்ணி அவளை அனுப்பிவைத்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மறுநாள் காலை அண்ணி தலையில் கூடையை ஏற்றிவிடும்போதும் அந்த வீட்டைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். அண்ணி கூடையைச் சரிசெய்துகொண்டார்.

"வுடு பாப்பா. உங்கண்ணன் உயிரோட இருந்திருந்தா அவரும்தான் கை தூக்கியிருக்க மாட்டாரு."