பதினெட்டுப் பாக்கெட் கை முறுக்கு

எனக்குக் கை முறுக்கு சுற்ற வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் அலுவலகத்தில் பதினெட்டுப் பேர் இன்றைக்கும் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முறுக்கிக்கொண்டே வட்டமாக விட வேண்டும். நான் விட்டால் அது மண்புழு மாதிரி நெளிந்து இரண்டாவது சுற்றில் அறுந்துவிடும். ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டு, மாவை அப்படியே உருட்டிப் பொரித்து சீடை என்று சொன்னேன். வீட்டில் யாரும் ஏமாறவில்லை.

பம்பாயில் எங்கள் அலுவலகத்தில் தீபாவளிக்கு முந்தின வேலை நாளில் மத்தியானம் ஒரு மேசை போடுவார்கள். மராத்திக்காரர்கள் தீபாவளிப் பலகாரத்தை ஃபராள் என்பார்கள். ஒவ்வொருவரும் அதை வீட்டில் செய்து கொண்டுவர வேண்டும். எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். நான் சேர்ந்த புதிதில் தெரியாமல், தமிழ்க் கடைகள் நிறைந்த மாட்டுங்காவில் ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். நெய் சொட்டுகிற சரக்கு. சாயங்காலம் வரை அது மேசை ஓரத்தில் மூடி திறந்தபடி கிடந்தது. மற்றவர்கள் கொண்டுவந்த கரஞ்சியும் சிவ்டாவும், நம்ம சோமாசும் அவல் மிக்சரும் மாதிரி, காலியாகிவிட்டன. பக்கத்து நாற்காலிக்காரி, நல்ல மனசுக்காரிதான், "உங்க ஆளுங்களுக்கு என்ன, மாட்டுங்கா இருக்கு, அடுப்பே பத்தவைக்க வேண்டாம்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. மிச்சத்தை ரயிலில் யாருக்கோ கொடுத்துவிட்டு செம்பூரில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அடுத்த வருஷம் தாராவிக்குப் போனேன். தீபாவளிக்கு முந்தின வாரத்தில் தொண்ணூறடி ரோட்டில் நடப்பது ஒரு தேகப் பயிற்சி. ஒரு பக்கம் மண் விளக்குக் குவியல், இன்னொரு பக்கம் பிள்ளைகளின் சட்டைகள், நடுவில் ஹாரன் அடித்துக்கொண்டே ஆட்டோ. அங்கே ஒரு சந்துக்குள், ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும், கை முறுக்கு சுற்றுகிற ஒரு பெண் இருப்பதாக யாரோ சொன்னார்கள். திருநெல்வேலிப் பக்கம், என்னைவிட நாலைந்து வயது இளையவர். மற்ற மாதங்களில் பை தைக்கும் பட்டறையில் தோலுக்குப் பசை தடவுகிற வேலை. தீபாவளிக்கு மட்டும் முறுக்கு. அவர் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாவு அவர் பேச்சைக் கேட்டது. ஐந்து சுற்று, ஒரு இடத்திலும் விரிசல் இல்லை.

ஆளுக்கு ஒன்று என்று பதினெட்டுப் பாக்கெட் வாங்கினேன். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரி ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "வீட்டில் செஞ்சதா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். வீட்டில் செய்ததுதானே, என் வீடு இல்லை என்பதுதான் வித்தியாசம் என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. "கையாலயா சுத்தினே?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் தலையாட்டினேன். இரண்டாவது தலையாட்டலுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் எல்லோரும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள், நான் அதை ரசித்தேன், அதுதான் உண்மை.

மறு வருஷம் பாக்கெட்டுகளில் ஸ்டிக்கர் இருந்தது. அவருடைய மகள் போனிலேயே வரைந்து அச்சடித்துக் கொடுத்தாளாம். மஞ்சள் வட்டம், நடுவில் முறுக்குப் படம், கீழே அவர் பெயரும் போன் நம்பரும்.

"ஒங்க ஆபீஸ்ல பதினெட்டுப் பேரும் பாப்பாங்கல்லா, மேடம்?" என்றார். "அதுல நாலு பேரு மாசாமாசம் வாங்குனாப் போதும். பட்டறைய விட்டுருவேன். அந்தப் பச வாட நெஞ்சுக்கு ஆக மாட்டேங்கு."

"கண்டிப்பா சொல்றேன்" என்றேன். சொல்லும்போது பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் என் சமையலறையில் உட்கார்ந்து பதினெட்டு ஸ்டிக்கரையும் உரித்தேன். ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தால் பாதிதான் வந்தது. பிசினைப் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். ஒரு பாக்கெட்டுக்கு ஐந்து நிமிஷம். என் கணவர் எட்டிப் பார்த்து, "இதுக்குப் பேசாம முறுக்கே சுத்தியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது. உரித்த ஸ்டிக்கர்களைக் குப்பைக்கூடையில் போட மனசு வராமல் பழைய செய்தித்தாளில் மடித்து, பிறகு அதைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

இப்படி மூன்று தீபாவளி போனது. ஒவ்வொரு வருஷமும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "ஒருத்தரும் போன் போடலியே, மேடம்?" குறை சொல்கிற குரல் இல்லை அது. நிஜமாகவே காரணம் தெரியாமல் கேட்பார். ஒரு தடவை தயங்கித் தயங்கி, "பெருங்காயம் தூக்கலா இருக்கோ? மராத்திக்காரங்களுக்கு அது ஒத்துக்கிடலையோ?" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கூசுகிறது. "கொஞ்சம் குறைச்சுப் பாருங்களேன்" என்றேன். அவர் குறைத்தார். இரண்டு வருஷம் அந்த முறுக்கு வாசனை குறைந்துதான் இருந்தது. பத்தியமாகச் சமைத்தது மாதிரி. ஒரு நல்ல கைக்காரியை அவர் கைமேலேயே சந்தேகப்பட வைத்தேன். ஸ்டிக்கரை உரித்ததைவிட இதுதான் எனக்குப் பெரிய பாவமாகத் தெரிகிறது.

போன தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் பக்கத்து நாற்காலிக்காரி தன் மகனுக்குத் தோல் பை வாங்க வேண்டும் என்றாள். தாராவியில் மலிவு என்று கேள்விப்பட்டிருக்கிறாள், துணைக்கு நான் வேண்டுமாம். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. பை வாங்கி முடித்ததும் மாஹிம் பக்கமாக நடந்து ரயில் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவளோ கூட்டத்தைப் பார்த்ததும் குஷியாகித் தொண்ணூறடி ரோட்டுக்குள் இறங்கிவிட்டாள். எப்போதும் வீட்டுக்குள்ளேயே விற்கிற முறுக்குக்காரர் இந்த வருஷம் சந்து முனையில் ஒரு மேசை போட்டிருந்தார்.

"மேடம்!" என்று கூப்பிட்டார்.

காது கேட்காதவள் போல நடந்தேன். அவள்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். முறுக்குக்காரர் ஆளுக்கொரு முறுக்கை நீட்டினார். அவள் கடித்தாள். கண்ணை மூடினாள். திறந்து முறுக்கைப் பார்த்தாள், மேசையில் அடுக்கியிருந்த பாக்கெட்டுகளைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இது நீ கொண்டுவர்ற முறுக்காச்சே. வருஷா வருஷம் நீ உன் கையால சுத்துறது" என்றாள்.

பம்பாயில் பல வருஷம் இருப்பவருக்கு அந்த இந்தி புரியாமல் இருக்குமா? முறுக்குக்காரர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு பாக்கெட்டின் மஞ்சள் ஸ்டிக்கர் மேல் அவர் பெருவிரல் இருந்தது. அதை லேசாகத் தடவினார். மூன்று வருஷமாக ஏன் ஒரு போன்கூட வரவில்லை என்பது அந்த நிமிஷத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அது தெரிவதை நான் நேராகப் பார்த்தேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுகூட நினைத்தேன்.

"மேடம் நே சிகாயா" என்றார் அவர். மேடம்தான் சொல்லித் தந்தாங்க.

பக்கத்து நாற்காலிக்காரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒரு ஏழைப் பெண்ணுக்குத் தொழில் கற்றுக்கொடுத்துவிட்டு வெளியே சொல்லிக்கொள்ளவே இல்லையே என்று நடுரோட்டில் என்னைப் பாராட்டினாள். அப்புறம் கையில் எடுத்திருந்த இரண்டு பாக்கெட்டையும் திரும்ப மேசையில் வைத்தாள். "நீயே சுத்திக் கொண்டுவருவே, நான் எதுக்கு வாங்கணும்?" என்றாள். முறுக்குக்காரர் அந்த இரண்டையும் பழையபடி அடுக்கில் நேராக வைத்தார்.

எட்டு நாள் கழித்துத் தனியாகப் போனேன். செம்பூரிலிருந்து வழி நெடுக மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எனக்கான பதினெட்டுப் பாக்கெட் அவர் வீட்டில் ஒரு பையில் தயாராக இருந்தது. திறந்து பார்த்தேன். ஒன்றிலும் ஸ்டிக்கர் இல்லை.

"ஒங்க பாக்கெட்டுல ஒட்டல, மேடம்" என்றார் மாவைப் பிசைந்துகொண்டே. "உரிக்கதுக்கு ஒங்களுக்குச் செரமம்லா."

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "தப்புப் பண்ணிட்டேன். ஸ்டிக்கரைக் கொடுங்க, நானே ஒட்டுறேன். நாளைக்கு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடுறேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வேண்டாம். அந்தம்மாட்ட நீங்கதான் சொல்லித் தந்தீங்கன்னு சொல்லிப்புட்டேன். இனி நீங்க போயி மாத்திச் சொன்னா நான்லா பொய் சொன்னவளாவேன்? ஒங்களுக்கு என்ன, ஆபீஸு இருக்கு. எனக்கு வாய்ச்சொல்லுதான் இருக்கு."

பையைத் தூக்கிக்கொண்டு ஒருக்களித்து வெளியே வரும்போது பின்னாலிருந்து சொன்னார்: "பெருங்காயம் பழையபடியே போட்டுருக்கேன், மேடம். அது மேல ஒரு குத்தமும் இல்ல."

மறுநாள் மத்தியானம் மேசை போட்டார்கள். அவர் வேண்டாம் என்று சொன்னதால்தான் பேசாமல் இருந்தேன் என்று எழுதிவிடலாம்தான். அது முழு உண்மை இல்லை. அவர் வேண்டாம் என்றபோது எனக்குள் ஒரு மூலையில் அப்பாடா என்று இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரி முதல் முறுக்கைக் கடித்துவிட்டு மூச்சை உள்ளிழுத்தாள்.

"வாசனை திரும்பி வந்துடுச்சே. நடுவுல ரெண்டு வருஷம் ஏனோ சப்புன்னு இருந்தது" என்றாள். "என்ன மாத்தினே?"

"பெருங்காயம்" என்றேன். அவள் கையில் இருந்த பாக்கெட் வெறுமையாக, சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டுப் பிசின்கூட இல்லை.