குடிக்காமல் வைத்த காப்பி

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கோயமுத்தூரில் தெருவுக்கு ஒரு பைனான்ஸ் கம்பெனி இருந்த காலம். எங்கள் ஊர் துடியலூரைத் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டுக்காரர் போன பிறகு மூன்று ஏக்கர் தோட்டத்தையும் இரண்டு எருமைகளையும் நானே பார்த்துக்கொண்டேன். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். வந்து தன்னோடு இருக்கச் சொல்லிக் கூப்பிட்டான், நான் போகவில்லை. என் சோற்றுக்கு நான் யார் கையையும் பார்த்ததில்லைங்க. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்றைக்கும் கூச்சம் கிடையாது.

சொசைட்டிக்குப் பால் ஊற்றிச் சேர்த்த காசு நாற்பதாயிரம் வைத்திருந்தேன். கிணற்றில் தண்ணீர் வருசா வருசம் இறங்கிக்கொண்டே வந்தது. என்றைக்காவது போர் போட வேண்டி வரும் என்று அந்தக் காசைத் தொடாமல் இருந்தேன். பாங்கில் போட்டிருக்கலாம். டவுனில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் போட்டேன். வட்டி கூடத் தருகிறார்கள் என்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், அந்தக் கம்பெனி மேனேஜர் என் பொறந்த வீட்டு ஆள். எனக்கு அண்ணன் முறை ஆகிறவரின் மகன். வாய் நிறைய அத்தை அத்தை என்பார். எங்கள் பக்கத்தில் பொறந்த வீட்டு ஆள் ஒன்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அவர் கொடுத்த ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேனே ஒழிய, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும் அல்லவா.

தவணை முடிந்தது ஒரு ஐப்பசியில். அந்த வருசம் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் எட்டிப் பார்த்தால் அடிப்பாறை தெரிந்தது. காய்ப்புக்கு வந்து நாலைந்து வருசமே ஆன தென்னை, அறுபது எழுபது மரம், ஓலையைத் தொங்கப்போட்டு நின்றது. போர் வண்டிக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டுப் பணத்தை வாங்கப் போனேன்.

மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலியை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டார். எருமை பால் குறைத்துவிட்டதா, மகனுக்கு எங்கேயாவது பெண் அமைந்ததா, எல்லாம் விசாரித்தார். கீழே இருந்த ஓட்டலிலிருந்து காப்பி வந்தது. எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காப்பியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தால் வந்த காரியம் முடிந்தது என்று அர்த்தம். வாரேனுங்க என்று எழுந்துவிட வேண்டும். ஒருத்தர் கொடுத்ததைக் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அவரோடு வழக்குப் பேசுகிறவளை என்ன பெண்பிள்ளை என்பார்கள். ஆகையால் காப்பியைக் குடித்தேன், வாரேன் கண்ணு என்றேன், வந்துவிட்டேன். பஸ் கவுண்டம்பாளையம் தாண்டும்போதுதான் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று புரிந்தது.

அடுத்த தடவையும் அதே மரியாதை, அதே காப்பி. அதற்கு அடுத்த தடவை, காப்பியோடு ஒரு காகிதமும் வந்தது. இன்னும் கொஞ்ச மாசத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம் அத்தை, ஒரு கையெழுத்துப் போடுங்க என்றார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்றாலும் என் பேரை நான் நன்றாகப் போடுவேன். போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தை மாசம் போனபோது மேனேஜர் அறையில் எனக்கு முன்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும். முந்தானையை முக்காடு போட்டிருந்தார். அந்த முந்தானையில் அங்கங்கே இலவம்பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. உக்கடம் பக்கம் மெத்தைக் கடை என்று பின்னால் தெரிந்தது. வீட்டுக்காரர் காலமானதும் கடையைத் தானே எடுத்து நடத்துகிறவர். அவரும் இதே கம்பெனியில் பணம் போட்டுவிட்டு என்னைப் போலவே நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

காப்பி இரண்டு டம்ளரில் வந்தது. நான் எடுத்துக்கொண்டேன். அந்த அம்மா, நோன்புங்க என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ரம்ஜான் மாசம். மேனேஜருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. டம்ளரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். காப்பி ஆறி ஆடை கட்டியது. அந்த அம்மா எழுந்திருக்கிற வழியாக இல்லை. எப்பங்க தருவீங்க என்று கேட்டார். அடுத்த மாசம் என்றார் இவர். அடுத்த மாசத்துல எந்தத் தேதிங்க என்று அதே மெதுவான குரலில் கேட்டார். கோபம் துளி இல்லை, சத்தம் இல்லை, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ங்க. என் டம்ளர் எப்போதோ காலி. இருந்தாலும் நான் எழவில்லை. கேட்டுக் கேட்டுக் கடைசியில், இப்போதைக்கு யாருக்கும் கொடுக்கிற நிலைமையில் கம்பெனி இல்லை என்கிற உண்மை மேனேஜர் வாயிலிருந்து வந்தது. அத்தனை நடைக்கு எனக்குக் கிடைக்காத பதில்.

படி இறங்கும்போது அந்த அம்மா சிரித்தார். "போன மாசம் வரைக்கும் நானும் இந்தக் காப்பியக் குடிச்சுப்போட்டுத்தானுங்க அக்கா போயிட்டிருந்தேன். நோன்பு வந்து காப்பாத்துச்சு."

எத்தனையோ மாசத்துக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

நுகர்வோர் கோர்ட்டு என்று ஒன்று இருப்பதை அவர்தான் சொன்னார். மெத்தை வாங்க வந்த ஒருவர் அவருக்குச் சொன்னாராம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, வெள்ளைத் தாளில் நமக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தால் போதும். பொறந்த வீட்டு ஆள் மேல் நான் கேஸ் போடுவதா என்றேன். அவர் என்னோடு வாதாடவில்லை. தென்னை காய்வதைச் சொல்லியிருந்தேன்; எத்தனை மரம், எத்தனை வயசு, எந்தப் பக்கம் காய்கிறது என்று கேட்டுக்கொண்டார். பஸ் வரும்போது சொன்னார்: "நீங்க கோவிச்சுக்கக் கூடாதுங்க அக்கா. உங்களுக்குப் பொறந்த ஊடு இருக்குது. அந்த மரத்துக்கு யாரிருக்கறாங்க, உங்களை விட்டா?"

மறுவாரம் அவர் கடைக்குப் போனேன். அந்த வீதிகளுக்குள் நான் அதற்கு முன் கால் வைத்ததில்லை. தைத்து முடித்த மெத்தை மேல் தாளை வைத்து, நான் சொல்லச் சொல்ல அழகான கையெழுத்தில் எழுதினார். ரசீதை ஜெராக்ஸ் எடுத்தோம். தன்னுடைய மனுவையும் என்னுடையதையும் ஒரே நாளில் கோர்ட்டில் கொடுத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையை அடைத்துவிட்டு காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் வந்து எனக்காக நிற்பார். வழி தெரியாமல் நான் அலையக்கூடாது என்று.

கோடை வந்தது. பிஞ்சுக் குரும்பை எல்லாம் கொட்டியது. லாரித் தண்ணீர் வாங்கி முடிந்த மட்டும் ஊற்றினேன். மேற்குப் பக்கத்து வரிசை குருத்தே சாய்ந்துவிட்டது. அது போதாதென்று பொறந்த வீட்டில் ஒரு காதுகுத்துக்கு எனக்குச் சொல்லவில்லை. சொந்தக்காரனைக் கோர்ட்டுக்கு இழுத்தவளுக்குச் சீர் எதுக்கு, கோர்ட்டிலேயே கெடா விருந்து சாப்பிடட்டும் என்று யாரோ பேசினதாகவும் காதுக்கு வந்தது. அன்றைக்கு ராத்திரி கேஸை வாபஸ் வாங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். விடிந்ததும் மரத்தைப் பார்த்தேன், நினைப்பை விட்டுவிட்டேன்.

கடைசி விசாரணை ஒரு ஆடி வெள்ளி. ஆடி வெள்ளியில் நான் ஒருசந்தி இருப்பேன். பகலெல்லாம் பட்டினி கிடந்து, விளக்கு வைத்த பிறகு ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற விரதம். கோர்ட்டு வராந்தா பெஞ்சில் நானும் அந்த அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் இரண்டு மூன்று கேஸ் இருந்தது. அப்போது மேனேஜரே வந்தார். அதுவரை வக்கீலைத்தான் அனுப்பியிருந்தார். வந்தவர் நேராக என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

"ஏனுங்க அத்தை, நமக்குள்ள எதுக்குங்க இதெல்லாம். வாங்க, கீழ கேண்டீன்ல ஒரு காப்பி குடிச்சுட்டே பேசி முடிச்சுக்கலாம்" என்றார்.

பொய் சொல்லக் கூடாது, என் கால் எழுந்துவிட்டது. பொறந்த வீட்டுப் பிள்ளை அத்தனை பேருக்கு முன்னால் குனிந்து கும்பிட்ட பிறகு எந்த அத்தைக்குத்தான் மனசு கேட்கும். நான் எழுந்ததைப் பார்த்ததும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. மெத்தைக் கடை அம்மா பக்கம் திரும்பி, நீங்களாவது அத்தைக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம், உங்க பணத்தை முழுசா தந்திடறேன், அத்தைகூட வராம இருங்கன்னு சித்திரையிலேயே சொன்னேன், வேண்டாம்னுட்டீங்க என்றார். தான் எத்தனை நல்லவர் என்று காட்டத்தான் அதைச் சொன்னார்.

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தார். சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பஞ்சு அடிக்கிற மெஷின் பழுதாகி, கையால் அடித்து இருமிக்கொண்டிருந்தவர். அந்தப் பணம் கையில் வந்திருந்தால் புது மெஷின் வாங்கியிருப்பார். நான் திரும்ப உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு ஒருசந்திங்க கண்ணு" என்றேன்.

மேனேஜரும் லேசுப்பட்டவர் இல்லை. விரதத்துக்கு இளநீர் குடிக்கலாமே, வாங்க, வாங்கித் தருகிறேன் என்றார்.

"எளநியா கண்ணு? என்ற மரத்துல எளநி இருந்திருந்தா நான் எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கறேன்?"

அவர் முகம் சுண்டிவிட்டது. பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து டவாலி வந்து என் பேரைக் கூப்பிட்டார். கூப்பிட்டபோது ஆள் இல்லையென்றால் அன்றைக்கே கேஸ் தள்ளுபடி ஆகியிருக்கும் என்று பின்னால் அந்த டவாலிதான் சொன்னார். கேண்டீன் கீழே, மூலையில் இருந்தது. அங்கே போயிருந்தால் என் காதில் எதுவும் விழுந்திருக்காது.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஒருவர் பெண். கம்பெனி வக்கீல் நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டி, தவணையை நீட்டிக்க இந்த அம்மாவே சம்மதித்தார் என்றார். ஏம்மா கையெழுத்துப் போட்டீங்க என்று அந்தப் பெண் அதிகாரி கேட்டார். எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "காப்பி குடுத்தாருங்க. குடிச்சுப்போட்டு எப்படிங்க மாட்டேங்கறது" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த மூன்று பேரும் சிரிக்கவில்லை. நடுவில் இருந்தவர் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லி, முதலிலிருந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

தீர்ப்பு எங்கள் இரண்டு பேருக்கும் சாதகமாக வந்தது. பணத்தை மூன்று தடவையாகக் கொடுத்தார்கள். பிறகு அந்தக் கம்பெனி மூடிவிட்டது. எத்தனையோ பேருக்கு ரசீது மட்டுந்தான் மிஞ்சியது. போர் போட்டேன், எழுநூறு அடிக்குக் கீழே தண்ணீர் வந்தது. மேற்கு வரிசை மொத்தமும் பட்டுப்போயிற்று. மற்ற மரங்கள் பிழைத்துக்கொண்டன.

ஆனால் நான் நினைத்துக்கொள்வது அந்த ஆடி வெள்ளி சாயங்காலத்தைத்தான். கோர்ட்டிலிருந்து நேராக அவர் கடைக்குப் போனோம். விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. ஒருசந்தி முடிந்ததல்லவா, ஏதாவது சாப்பிட வேண்டுமே என்று அவர் தயங்கி நின்றார். பக்கத்துத் தெருவில் சைவ ஓட்டல் இருக்கிறது, ஆள் அனுப்புகிறேன் என்றார். அவர் தயக்கம் எனக்குப் புரிந்தது.

"ஓட்டல் எதுக்கு அம்மணி. உங்க ஊட்டுல ஒரு காப்பி போடுங்க" என்றேன்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். எங்க நோன்பை இரவல் வாங்கி ஜெயிச்சுப்போட்டீங்க அக்கா என்று கேலி செய்தார். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். எழுந்திருக்க மனசே வரவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும் வரை கடையில் கிடந்த மெத்தை மேலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

பிழைத்த மரங்களிலிருந்து வருசா வருசம் முதல் வெட்டு இளநீர் உக்கடத்துக்குத்தான் போகிறது. இன்றைக்கும் என் வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி குடித்த கையோடு வாரேனுங்க என்று எழுந்தால், வந்த காரியத்தைச் சொல்லிவிட்டுப் போங்க கண்ணு என்று திரும்ப உட்கார வைக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு ஆறிப்போன ஒரு டம்ளர் காப்பியும், அதைத் தொடாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்த அந்த அம்மணியும்தான் கண்ணில் வருகிறார்கள்.