வலப்பக்கக் கதவு

பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் கடைத்தெருவில் நான் சனிக்கிழமைகளில் காய்கறி வாங்கும் கடை ஒரு யாழ்ப்பாணத் தம்பதியுடையது. அண்ணை, அக்கா என்று நான் அழைக்கும் அவர்களுக்கு வீடு புறநகரான பியர்ஃபித்தில். சென்ற குளிர்காலம் முழுவதும் அண்ணை காரிலும் அக்கா ரயிலிலும் கடைக்கு வந்தார்கள். ஒரே வீட்டிலிருந்து ஒரே கடைக்கு. அண்ணை முதலில் வந்து ஷட்டரைத் தூக்கி, தேநீர் ஊற்றி மூடி வைப்பார். அக்கா வந்ததும் எடுத்துக் குடிப்பார்.

காரணம் தெரியும் என்றே கடைக்கு வழக்கமாக வரும் நாங்கள் நினைத்திருந்தோம். சிவப்பு விளக்கில் நின்றிருந்த அவர்களுடைய காரின் வலப்பக்கக் கதவில் ஒரு சரக்கு வண்டி இடித்திருந்தது. அந்தப் பக்கத்தில்தான் அக்கா உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கீறல்கூட இல்லை. இடித்தவரின் காப்பீட்டில் கதவைப் புதிதாக மாற்றினார்கள், நிறம்கூடப் பிசகவில்லை. திருத்தி எடுத்து வந்த அன்று அக்கா ஒரு தடவை ஏறினார். பிறகு ஏறவில்லை. ரயில்தான் வசதி என்றார்.

அண்ணை காரை விற்று வேறொன்று வாங்க நினைத்தார். பின் கண்ணாடியின் உட்புறம் விற்பனைத் தாளை ஒட்டினார். ஆர்ஜொந்தெய் என்ற ஊரிலிருந்து பார்க்க வந்தவரிடம், அவர் கேட்பதற்கு முன்பே, இடிபட்டுத் திருத்திய கார் என்று தானே சொல்லிவிட்டார். வந்தவர் விலையைக் குறைத்துக் கேட்டார். அந்தக் குறைவையும் காப்பீட்டு நிறுவனமே ஈடுசெய்ய வேண்டும் என்பது அண்ணையின் வாதம். நான் சென்னையில் நிருபராக இருந்தவன், பிரெஞ்சும் தெரியும் என்பதால் அதை எழுதி அனுப்பும் வேலை எனக்கு வந்தது. பதில் வராமல் போகவே, ஒரு சனிக்கிழமை கடையிலிருந்தே தொலைபேசியில் கேட்டேன்.

பேசிய பெண் மரியாதையாக மறுத்தார். திருத்தச் செலவு முழுவதையும் கொடுத்தாயிற்று; கார் முன்பிருந்த நிலைக்குத் திரும்பிவிட்டது என்று நிபுணர் உறுதி செய்திருக்கிறார்; ஆகவே இழப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். அண்ணை கத்தரிக்காய் நிறுப்பதை நிறுத்தினார்.

"முந்தின மாதிரி எண்டு அவை சொல்லுவினம். இவ இப்ப அதிலை ஏறுறேல்லையே. அதை ஆர் திருத்துறது?"

வெண்டைக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"எனக்காகவோ விக்கிறியள்?"

"பின்னை? உமக்குப் பயம் எண்டுதானே."

"எனக்கென்ன பயம். அண்டைக்கு என்னை ஏத்திக்கொண்டு போகேக்கை உங்கடை கைதான் நடுங்கினது. லைற்றுக்கு லைற்று என்ரை பக்கமே பாத்தியள். நான் இல்லாட்டி நிம்மதியா ஓடுவியள் எண்டுதான் ரயிலிலை வாறன்."

கத்தரிக்காய்க்குக் காத்திருந்த பெண், கதை முடிந்தால் தன்னுடையதை நிறுத்துத் தரலாமே என்றார். அண்ணை நிறுத்துக் கொடுத்தார். தொலைபேசியில் அந்தப் பெண் வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். நான் அண்ணையைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

கடை அடைத்ததும், என்னை வழியிலுள்ள சென் தெனியில் இறக்கிவிடுவதாகச் சொல்லிப் பின் இருக்கையில் ஏற்றினார்கள். அக்கா முன்னால் ஏறினார். புதுக் கதவு முதல் தடவையில் சரியாக மூடிக்கொள்ளவில்லை. திறந்து மறுபடி இழுத்தார். அண்ணையின் கைகள் நடுங்கத்தான் செய்தன. அக்கா அவற்றைப் பார்க்காமல், முருங்கைக்காய் வரும் பெட்டிகளில் பாதி வாடியிருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்தார்.

முதல் சிவப்பு விளக்கில் அண்ணை வலப்பக்கம் திரும்பினார். அக்கா ஒரு சுளையை நீட்டினார். அதை வாங்க அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுக்க வேண்டியிருந்தது.

"தம்பி, உங்களுக்குப் பின்னாலை கண்ணாடியிலை ஒரு பேப்பர் கிடக்கு" என்றார் அக்கா. "அதை உரிச்சுவிடுங்கோ."

விளக்கு மாறியது. உரித்தேன். ஒரு மூலை மட்டும் கிழிந்து கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டது.