சம்பந்தியம்மா உள்ளே போகாத சங்கம்

"சாவி யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் சம்பந்தியம்மா உள்ளே நுழைவார். வணக்கத்துக்கு முன்னாலேயே அந்தக் கேள்வி வந்துவிடும். சங்கத் தலைவர் பூச்செண்டும் கையுமாக நிற்பார். சுவர் முழுக்கச் சான்றிதழ்கள் சட்டம் போட்டுத் தொங்கும். சம்பந்தியம்மாவின் கண் அந்தப் பக்கமே போகாது. "ஒரே ஆள் இடுப்புல சாவி இருந்தா அது சங்கம் இல்லப்பா, அவர் வீடு. நாம விருந்தாளியாத்தான் போயிட்டு வரணும்" என்பார், திரும்பும் வழியில், கூட வரும் கணக்காளரிடம்.

ஊர்ப்பணிகளுக்குப் பணம் தரும் ஓர் அறக்கட்டளையில், கூட்டுச் சேரத் தகுந்த சங்கங்களைத் தேடிப் பிடித்து எடைபோடுவது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்குச் சம்பந்தியம்மா என்றே பெயர். "இன்னைக்கு எந்த வீட்ல சம்பந்தம்?" என்று வாசலிலேயே வம்புக்கு இழுப்பார்கள். "உனக்குப் பார்க்கறப்ப சொல்றேன், முதல்ல தலையை வாரிட்டு வா" என்று போகிற போக்கில் ஒரு போடு போடுவார்.

பேச்சுக்கு மயங்குகிற ஆள் இல்லை. தலைவர் முழங்கிக்கொண்டிருக்கும்போதே நைசாக எழுந்துபோய், பின்பக்கம் பாத்திரம் கழுவுகிறவரிடம் பேச்சுக் கொடுப்பார். தலைவர் இல்லாத நாளில் அங்கே என்ன நடக்கும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். ஒருமுறை ஒரு தலைவர் முந்திக்கொண்டு, நகல் சாவிகள் செய்து எல்லார் கழுத்திலும் மாட்டிவிட்டிருந்தார். "எங்க, ஆளுக்கு ஒரு தடவை திறந்து காட்டுங்க பார்ப்போம்" என்றார் சம்பந்தியம்மா. ஒன்றுகூடத் திறக்கவில்லை. அவசரத்தில் வேறு பூட்டின் சாவியை நகல் எடுத்திருக்கிறார்கள்.

இத்தனை வாசல் ஏறி இறங்குகிறவர் ஏறாத வாசல் தங்கை வீடு. அப்பா படுக்கையில் விழுந்தபோது யார் வைத்துக்கொள்வது என்று இரண்டு பேரும் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்தார், பேச்சும் நின்றுபோயிற்று. அந்தத் தங்கைக்காக அவர் மனம் ஏங்காத நாள் இல்லை. பேருந்தில் யாராவது தங்கையைப் போல மூக்கால் சிரித்தால் வெடுக்கென்று திரும்பிப் பார்ப்பார். வேறு யாராகவாவது இருக்கும்.

போன மாதம் வந்த விண்ணப்பங்களில் ஒன்று, முதியவர்களைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் சங்கத்தினுடையது. செயலாளர் பெயரைப் பார்த்ததும் சம்பந்தியம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கை! உறவுக்காரர் இருக்கிற சங்கத்தை எடைபோடக் கூடாது என்பது அலுவலக விதி. ஆனால் இந்த உறவு அங்கே யாருக்கும் தெரியாது. வேலை என்ற சாக்கில் அரை நாள் அவளுக்கு எதிரே உட்காரலாம். வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார். போகிற நாளன்று இரண்டு புடவையைக் கட்டி அவிழ்த்து, மூன்றாவதைக் கட்டிக்கொண்டார்.

எப்போதும் கூட வருகிற கணக்காளரோடு அந்தத் தெருவரைக்கும் வந்தாகிவிட்டது. சங்கத்துக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் சம்பந்தியம்மா நின்றுவிட்டார்.

"நீ மட்டும் போய்ப் பாருப்பா. செயலாளர் என் தங்கச்சி."

"நீங்க சொல்லலேன்னா யாருக்கு மேடம் தெரியப்போகுது?"

"நாளைக்குத் தெரிஞ்சா, அக்கா தூக்கிக் குடுத்ததுன்னு சொல்வாங்க. அவ பட்ட பாடெல்லாம் தண்ணில போயிடும். முடிவாகற வரைக்கும் நான் அவ கண்ல படக்கூடாது."

கணக்காளர் போனார். சம்பந்தியம்மா நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எதிர்க் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்துகள் வந்து மறைத்தபோதெல்லாம் எரிச்சலாக இருந்தது.

வெகுநேரம் கழித்துக் கணக்காளர் தெருவைக் கடந்து வந்தார்.

"நம்ம கடிதத்துல வர்றவங்க பேரைப் பார்த்துட்டு ரெண்டு நாற்காலி போட்டு வெச்சிருந்தாங்க மேடம். நான் மட்டும் போனதும் எனக்குப் பின்னாடியே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம், 'அக்கா வரலையா'ன்னு கேட்டாங்க."

"எப்படிக் கேட்டா? அவ கேட்ட மாதிரியே கேளு."

கணக்காளருக்கோ கரகரத்த குரல். தொண்டையைச் செருமி, குரலை மெல்லிசாக்கிக்கொண்டு கேட்டார்: "அக்கா வரலையா?"

சம்பந்தியம்மா எதிர்க் கதவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வந்திருக்கேன்டி" என்றார்.